கணினியின் கருவும் நினைவகக் காவலும்

ஒரே வேளையிற் பல காரியங்களிற் கருத்தூன்றுவோரை அட்டாவதானி என்றும் சதாவதானி என்றும் நம் முன்னோர் போற்றினர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். மற்றொருவர் கணக்கொன்று கேட்பார். வேறொருவர் முதுகிலே கடலையை எறிந்துகொண்டிருப்பார். அவதானியார் வெண்பாவைப் பாதியில் நிறுத்திக் கணக்குக்குப் போவார். கணக்கை நிறுத்தி வெண்பாவுக்கு மீள்வார். முதுகில் விழுந்த கடலையின் தொகையையும் ஈற்றிற் பிழையின்றிச் சொல்வார். உண்மையில் அவர் ஒரு கணத்தில் ஒன்றையே செய்தார். விட்ட இடத்தை மறவாது மீண்டும் தொட்டதே அவருடைய திறமை.

நேயர்களே, நமது சட்டைப்பையிற் கிடக்கும் கைப்பேசியும் ஏறக்குறைய இப்படிப்பட்ட அவதானிதான். பாட்டு ஒலிக்கிறது, கடிதம் வந்து சேர்கிறது, வழிகாட்டும் படம் நகர்கிறது. எனினும் அதனுள்ளே கணிக்கும் உறுப்பாகிய செயலி ஒவ்வொன்றும் ஒரு வேளையில் ஒரு கட்டளைத் தொடரையே நடத்துகிறது. அதை நிறுத்தி அடுத்ததைத் தொடக்கும் அதிகாரம் பணிசெயல் முறைமையின் கரு எனப்படும் செய்நிரலிடம் உளது.

ஆனால் அவதானியாருக்கு இல்லாத தொல்லை ஒன்று இக்கருவுக்கு உண்டு. அவருக்கு இருந்தது ஒரே உள்ளம். அவ்வுள்ளத்தில் வெண்பா கணக்கை எட்டிப் பார்ப்பதனாற் கேடில்லை. கணினியிலோ ஒரு செய்நிரல் உங்கள் வங்கியின் கடவுச்சொல்லை நினைவகத்தில் வைத்திருக்கிறது. அதனை அடுத்து அதே செயலியில் ஓடப்போவது எவரோ எழுதிய விளையாட்டாக இருக்கலாம். ஒருவர் எழுந்து மற்றவர் அதே ஆசனத்தில் அமரும் அச்சிறு கணத்திலே முன்னவருடைய பொருள் எதுவும் மேசைமேற் கிடக்கலாகாது. அதே வேளை மேசையைத் துடைப்பதிலேயே நாளைக் கழிக்கவும் இயலாது. விரைவு, காவல் என்னும் இவ்விரண்டிற்கும் இடையிலான இழுபறியையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் இரு சொற்களை விளக்கிக்கொள்ளுதல் நலம். ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல் ஒன்றைச் செயன்முறை என்பர். அதற்கெனத் தனி நினைவக வெளி உண்டு. அவ்வெளிக்குள்ளே நடைபெறும் ஒரு கட்டளைத் தொடருக்கு இழை என்று பெயர். ஒரு செயன்முறையில் ஓர் இழையும் இருக்கலாம், நூறு இழைகளும் இருக்கலாம். வீடு ஒன்று, குடியிருப்போர் பலர் என்றாற்போல, இழைகள் எல்லாம் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உரியவை இரண்டு: செயலியின் பதிவகங்களில் அவ்விழை விட்டுச்சென்ற எண்கள் ஒன்று, அழைப்புக்களையும் இடைக்கால விடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு மற்றொன்று. லினக்ஸ் முறைமையில் வழக்கமாக ஓர் இழையின் அடுக்குக்கு 8 மெகாபைற்று இடம் ஒதுக்கப்படும். ஒதுக்கப்படும் என்றேனே தவிர, கொடுக்கப்படும் என்றேனில்லை. இழை எந்தப் பக்கத்தை முதன்முதல் தொடுகிறதோ அந்தப் பக்கத்துக்கு மாத்திரமே அப்பொழுது மெய்யான நினைவகம் வழங்கப்படும். இவ்வளவு தாராளமாக வாக்களித்து இவ்வளவு சிக்கனமாகக் கொடுப்பது எங்ஙனம் இயலும்?

அதற்கு விடை 1962ஆம் ஆண்டிலே மஞ்செஸ்ரர் நகரில் இருக்கிறது. அவ்வாண்டு திசெம்பர் மாதத்தில் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அற்லஸ் என்னும் கணினி தொடக்கிவைக்கப்பட்டது. ரொம் கில்பேர்ன் தலைமையிலான பல்கலைக்கழகத்தாரும் ஃபெரான்ரி நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய பொறி அது. அதன் விரைவான நினைவகம் சிறு காந்த வளையங்களால் ஆனது. 16,384 சொற்களே அதிற் கொள்ளும். மெதுவாகச் சுழலும் காந்த உருளைகளிலோ அதனைப்போல் ஆறு மடங்கு இடம் இருந்தது. எதனை வளைய நினைவகத்தில் வைப்பது, எதனை உருளைக்கு அனுப்புவது என்று செய்நிரல் எழுதுவோரே தலையை உடைத்துக்கொண்ட காலம் அது. கில்பேர்னும் அவர்தம் துணைவரும் இச்சுமையைப் பொறியின்மேலேயே ஏற்றினர். நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்தனர். செய்நிரல் சொல்லும் முகவரி மெய்யான இடத்தைக் குறிக்கவேண்டியதில்லை. 32 பக்கப் பதிவகங்கள் அதனை ஒப்பிட்டு, அப்பக்கம் வளைய நினைவகத்தில் எங்கே இருக்கிறதென்று காட்டும். அங்கே இல்லையெனில், மேற்பார்வைச் செய்நிரல் அதனை உருளையிலிருந்து கொண்டுவரும். கேட்ட செய்நிரலுக்கு இவ்விடமாற்றம் எதுவும் தெரியாது. எல்லாம் ஒரே பெரிய நினைவகம் போலவே அதற்குத் தோன்றும்.

அப்பதிவகம் ஒவ்வொன்றிலும் பூட்டு இலக்கம் ஒன்றையும் அவர்கள் வைத்தார்கள். ஒரு செய்நிரலை நிறுத்தி மற்றொன்றை ஓடவிடும்போது, நிறுத்தப்பட்டதன் பக்கங்களுக்கெல்லாம் பூட்டுப் போடப்படும். ஓடுகின்றது அவற்றைத் தொட முயன்றால் பொறி மறுக்கும். இந்தப் பூட்டைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து இதனால் ஒரு பெரும் கலக்கம் நேர்ந்தது.

இனி இக்காலக் கணினிக்கு வருவோம். மேசைக் கணினிகளிலும் பெருங்கணினி நிலையங்களிலும் பரவலாக உள்ள இன்ரெல் வழிச் செயலியில் ஒரு பக்கம் 4,096 பைற்று. 48 துவித இலக்கங்கள் கொண்ட முகவரியாற் சுட்டக்கூடிய பக்கங்கள் 6,871 கோடிக்கு மேல். ஒவ்வொரு பக்கத்துக்கும் எட்டுப் பைற்று வீதம் ஒரே நீளமான அட்டவணை எழுதினால், அட்டவணைக்கு மாத்திரம் 512 கிகாபைற்று வேண்டும். அதுவும் செயன்முறை ஒன்றுக்கு! ஆகவே அட்டவணையை மரம்போற் கிளைவிடச் செய்தனர். வேரிலே 512 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை. அதன் ஒவ்வொரு வரியும் வேறோர் அட்டவணையைக் காட்டும். இவ்வாறு நான்கு படி இறங்கினால் பக்கம் கிடைக்கும். பயன்படாத கிளைகள் முளைக்கவே மாட்டா. செயலியிலுள்ள சீ.ஆர். 3 என்னும் பதிவகம் இம்மரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை மாத்திரம் அறியும். அவ்வொரு பதிவகத்தின் எண்ணை மாற்றினாற் போதும். செயலி வேறோர் உலகத்தைக் காணத் தொடங்கிவிடும்.

ஆனால் ஒரு சொல்லைப் படிக்க முன்னர் நான்கு அட்டவணைகளைப் படிப்பதாயின் வேலை நடந்தபாடில்லை. ஆதலின், ஒருமுறை கண்டுபிடித்த இடங்களைச் செயலி தன்னகத்தே ஒரு சிறு குறிப்பேட்டிற் குறித்துவைக்கிறது. ரீ.எல்.பி. என்று இத்துறையார் சொல்வது இதனையே. பழைய கந்தோர்களில் இலிகிதர் அடிக்கடி வேண்டிய கோப்புக்களின் இலக்கங்களை மேசைக் கண்ணாடிக்கடியில் எழுதிவைத்திருப்பாரல்லவா, அதுபோல. குறிப்பேட்டில் இருந்தால் விடை உடனே வரும்; இல்லாவிட்டால் மரத்தில் இறங்கியேறவேண்டும். இழை மாற்றத்தின் செலவு முழுவதையும் விளங்கிக்கொள்ள இக்குறிப்பேடே திறவுகோல்.

மாற்றம் எப்படி நிகழ்கிறதென்று லினக்ஸ் முறைமையை வைத்துப் பார்ப்போம். 1991இல் லினஸ் ரோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடக்கிய இம்முறைமையே இன்று கைப்பேசிகள் பலவற்றிலும் உலகின் பெருங்கணினிகளிலும் ஓடுகிறது. ஒரு மணிப்பொறி நொடிக்கு இத்தனை தடவை என்று செயலியை இடைமறிக்கும். 250 தடவை, 1000 தடவை என அமைப்புக்கேற்ப வேறுபடும். இடைமறித்ததும் ஓடிய இழை நிற்க, கரு விழிக்கிறது. விழித்த கரு அவ்விழையின் சொந்த அடுக்கில் நின்று வேலை செய்வதில்லை. ஒவ்வோர் இழைக்கும் கருவின் பக்கத்திலே 16 கிலோபைற்று கொண்ட இரண்டாவது அடுக்கு ஒன்று உண்டு. பதிவகங்களின் எண்கள் அங்கே இறக்கிவைக்கப்படுகின்றன. பொதுமக்கள் எழுதக்கூடிய ஏட்டில் அரசாங்கக் கணக்கை எழுதலாகாது என்பது போன்ற முன்யோசனை இது.

பின்னர் அடுத்த இழை எது என்று கரு தெரிவுசெய்கிறது. தெரிவுசெய்தபின் அது கேட்கும் முதற் கேள்வி: இவ்விருவரும் ஒரே வீட்டாரா? ஆமெனில் சீ.ஆர். 3ஐத் தொடவேண்டியதில்லை, குறிப்பேடும் அப்படியே பயன்படும். ஒரே செயன்முறையின் இழைகளுக்கிடையிலான மாற்றம் மலிவானது என்று நூல்கள் கூறுவதன் பொருள் பெரும்பாலும் இதுவே. வேறு வீட்டாராயின் புதிய வேரின் முகவரி சீ.ஆர். 3இல் இடப்படும், பழைய வழக்கப்படி, எல்லோருக்கும் பொதுவானதெனக் குறிக்கப்பட்ட வரிகள் நீங்கலாகக் குறிப்பேடு முழுவதும் அந்தக் கணமே அழியும். மாற்றத்துக்கு எடுக்கும் நேரம் சிறிது. அதன்பின் வெறுங் குறிப்பேட்டோடு தட்டுத்தடுமாறி ஓடும் நேரமே பெரிது. கடிகாரத்தை வைத்து மாற்றத்தை மாத்திரம் அளப்போர் இந்த இரண்டாவது செலவைக் காணாது போகின்றனர்.

நினைவக வெளி மாறியபின்னரே இழை மாறும். அடுக்கின் உச்சியைக் காட்டும் பதிவகத்திலே புதிய இழையின் எண் ஏற்றப்படும். அந்த ஒரு கட்டளைக்கு முன்னே ஒருவர், பின்னே வேறொருவர். ஒரு வாயிலால் உட்புகுந்தவர் முருகேசர். அதே வாயிலால் வெளிவருபவர், எப்பொழுதோ அதனுட் புகுந்து உறங்கிய கந்தையர். உள்ளே புகுந்த முருகேசர் தம் முறை வரும்போது, இடையில் எதுவும் நடவாததுபோல வெளிவருவார். 1975இல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலே இவ்விடத்தை ஒட்டி, படிப்பவர் இதனை விளங்கிக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை என்னும் கருத்துப்பட ஒரு குறிப்பு இருந்தது. அதனை ஆணவம் என்று கொண்டவரும் உளர். எனக்கு அது நேர்மையான ஒப்புதலாகவே படுகிறது.

ஒரே வீட்டார் என்றால் எல்லாம் மலிவு என்று எண்ணிவிடலாகாது. இக்காலச் சில்லு ஒன்றில் செயலிகள் பல. ஒரே செயன்முறையின் இழைகள் ஒரே வேளையில் வெவ்வேறு செயலிகளில் ஓடக்கூடும். அவற்றுள் ஓர் இழை, இந்தப் பக்கம் இனி வேண்டாம் என்று கருவிடம் திருப்பிக் கொடுக்கிறது என்போம். அட்டவணையில் அவ்வரியை நீக்கிவிடலாம். மற்றச் செயலிகளின் குறிப்பேடுகளில் அப்பழைய வரி இருக்குமே! அப்பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்தபின்னும் பழைய குறிப்பைப் பார்த்து எவரேனும் அதில் எழுதிவிட்டால் பிறருடைய கணக்குக் கெடும். ஆகையால் கரு மற்றச் செயலிகளுக்கு இடைமறிப்பு அனுப்பி, அவ்வரியை அழித்தோம் என்று அவை பதில் சொல்லும்வரை காத்திருக்கிறது. செயலிகள் பெருகப் பெருக இக்காத்திருப்பும் பெருகும். இழைகள் பலவாகிய பெருஞ் செய்நிரல்கள் எதிர்பார்த்த வேகத்தை எட்டாது போவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

கருவுக்கென்றே சில இழைகள் உண்டு. வட்டில் எழுதுவது, இடம் துப்புரவு செய்வது முதலிய வீட்டு வேலைகள் அவற்றுக்கு உரியன. அவற்றுக்குச் சொந்த நினைவக வெளி இல்லை, வேண்டியதுமில்லை. கருவின் பகுதி எல்லாச் செயன்முறைகளின் அட்டவணைகளிலும் ஒரேபடியாக மேற்பாதியில் வரையப்பட்டிருப்பதால், எவருடைய அட்டவணையைக் கொண்டும் அவை வேலை செய்யலாம். ஆகவே முன்னர் ஓடியவருடைய அட்டவணையை அவை இரவல் வாங்கிக்கொள்கின்றன. சீ.ஆர். 3 மாறாது, குறிப்பேடு அழியாது, முன்னவரே மீண்டும் வந்தாற் செலவே இல்லை. சொந்தமானது எது, தற்போது கையில் உள்ளது எது என்று இரு தனிக் குறிப்புக்கள் லினக்ஸில் இருப்பது இதற்காகவே. 1999இல் ரோர்வால்ட்ஸ் தாமே ஒரு மடலில் இவ்வேற்பாட்டை விளக்கி எழுதினார். இரவற் பொருளுக்கு உரியவர் இடையில் மடிந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. வீட்டிற் குடியிருப்போரை எண்ண ஒரு கணக்கு. வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்போர் எல்லோரையும் எண்ண மற்றொரு கணக்கு. முதற் கணக்குச் சூனியமானதும் உள்ளிருந்த தட்டுமுட்டு அகற்றப்படும். இரண்டாவதும் சூனியமான பின்னரே வேர் அட்டவணை அழிக்கப்படும்.

இது நல்ல சோம்பல். கெட்ட சோம்பலும் ஒன்று இருந்தது. தசம எண் கணிப்புக்கென்று செயலியில் அகன்ற பதிவகங்கள் உள்ளன. எல்லா இழைகளும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. பின் ஏன் ஒவ்வொரு தடவையும் அவற்றை இறக்கி ஏற்றவேண்டும்? முன்னவருடைய எண்களை அங்கேயே விட்டுவிட்டுக் கதவுக்கு ஒரு தாழ் மாத்திரம் இட்டனர். புதியவர் தொட்டால் இடைமறிப்பு எழும், அப்பொழுது மாற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். பல்லாண்டு இது புத்திசாலித்தனமாகவே கருதப்பட்டது. பின்னர் மறைகுறியீட்டுத் திறவுகோல்களும் இப்பதிவகங்களிலே வைத்துக் கணிக்கப்படலாயின. 2018 யூன் மாதத்தில், இன்ரெல் செயலிகளில் தாழிட்ட நிலையிலும் அவ்வெண்களை அடுத்தவர் கறந்தெடுக்க வழியுண்டு என்று வெளிப்பட்டது. லினக்ஸ் 2016இலேயே இவ்வழக்கத்தைக் கைவிட்டிருந்தது. அதுவும் காவலை எண்ணியன்று. புதிய செயலிகளில் முழுவதையும் மாற்றுவதே விரைவாய் இருந்தது என்பதே முக்கிய காரணம். தற்செயலாகத் தப்பியவர்கள் அதனை ஒத்துக்கொள்ளவும் வேண்டும்.

பதிவகத்துக் கசிவு வெளிப்படுமுன்பே அட்டவணையின் பூட்டும் தோற்றிருந்தது. கருவின் பகுதி எல்லோருடைய அட்டவணையிலும் இருக்கிறதென்றேன். அப்பக்கங்களுக்கு, அற்லஸ் காலந்தொட்டு வந்த மரபின்படி, சாதாரணச் செய்நிரல் தொடலாகாதென்று ஒரு பூட்டு இலக்கம் போடப்பட்டிருந்தது. இன்ரெல் செயலிகள் பலவற்றிற் பூட்டு இருந்தது. பார்க்கும் நேரந்தான் பிந்தியது. விரைவை வேண்டி, அனுமதி உண்டா என்னும் விடை வருமுன்னரே செயலி பக்கத்தைப் படித்து, அடுத்த கட்டளைகளையும் முன்கூட்டியே நடத்திப் பார்க்கும். அனுமதி இல்லை என்று தெரிந்ததும் செய்ததை எல்லாம் இல்லையென்று தள்ளிவிடும். தள்ளினாலும் பதுக்கு நினைவகத்தில் ஒரு சுவடு எஞ்சும். எந்த இடத்தைப் படித்தால் விரைவாக விடை வருகிறது என்று நேரத்தை அளந்தே அச்சுவட்டை வாசித்துவிடலாம். கூகிள் நிறுவனத்தின் யான் ஹோர்ன், ஒஸ்திரியாவின் கிராற்ஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார், ஜேர்மனியின் சைபெறஸ் நிறுவனத்தார் எனத் தனித்தனியே பலர் இதனைக் கண்டுபிடித்தனர். 2018 சனவரி 3ஆம் நாள் மெல்ற்டவுன் என்னும் பெயரால் அது உலகறியச் சொல்லப்பட்டது. கருவோ மெய்யான நினைவகம் முழுவதையுந் தன் பகுதியில் வரைந்துவைத்திருந்தது. ஆகவே கருவைப் படிக்கக்கூடியவன் கணினியில் எவருடைய இரகசியத்தையும் படிக்கலாம். ஒரே பொறியைப் பலருக்கு வாடகைக்கு விடும் நிலையங்களில் இதன் பொருள் என்னவென்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பூட்டை நம்ப இயலாதபோது அறையையே வீட்டுப் படத்திலிருந்து நீக்குவதே வழியாயிற்று. கிராற்ஸ் ஆய்வாளர்கள் வேறொரு கசிவை அடைக்க 2017இல் வகுத்திருந்த முறை இங்கே கைகொடுத்தது. ஒவ்வொரு செயன்முறைக்கும் இப்பொழுது வேர்கள் இரண்டு. கரு ஓடும்போது முழுப் படம். பயனாளியின் செய்நிரல் ஓடும்போது, கருவின் வாயிற்படி மாத்திரம் காட்டும் குறைப்படம். இரண்டையும் அடுத்தடுத்த இரு பக்கங்களில் வைத்து, சீ.ஆர். 3இல் ஒரே ஒரு துவித இலக்கத்தை மாற்றுவதன் மூலம் ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லுமாறு அமைத்தனர். ஆயினும் இழை மாறும்போது மாத்திரமன்றி, கருவிடம் ஒரு சிறு உதவி கேட்கும் ஒவ்வொரு தடவையும் இம்மாற்றம் நிகழவேண்டியதாயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் குறிப்பேடு அழியுமானால் கணினி தவழத்தான் வேண்டும்.

அதனைக் காத்தது, 2010இல் இன்ரெல் செயலிகளிற் புகுந்து நெடுநாள் லினக்ஸில் ஆள்வாரின்றிக் கிடந்த ஒரு வசதி. குறிப்பேட்டின் வரி ஒவ்வொன்றிலும் அது எந்த நினைவக வெளிக்குரியது என்னும் 12 துவித இலக்க அடையாளத்தைச் சேர்க்கலாம் என்பதே அது. அடையாளம் வேறாயின் செயலி அவ்வரியைக் கண்ணெடுத்தும் பாராது. எனவே மாறும்போது அழிக்கவேண்டிய தேவை இல்லை. 12 இலக்கங்களால் 4,096 பெயர் சூட்டலாமாயினும், லினக்ஸ் செயலி ஒன்றுக்கு அண்மையில் ஓடிய ஆறு நினைவக வெளிகளையே நினைவில் வைக்கிறது. குறிப்பேடு சிறிது, ஆறுக்கு மேற்பட்டோருடைய குறிப்புக்களைக் காப்பதாற் பெரும்பயன் இல்லை. 2017 நவம்பரில் வந்த 4.14ஆம் பதிப்பிலே இது சேர்ந்தது. மெல்ற்டவுன் செய்தி வெளியாக இரண்டு மாதம் இருந்தது.

அழியாத குறிப்பால் வேறொரு சிக்கல் வரும். ஒருவர் ஓடாதிருக்கும்போது அவருடைய அட்டவணை மாறியிருந்தால், திரும்பி வருகையிற் பழைய குறிப்பு அவரை ஏமாற்றுமல்லவா? ஆதலின் நினைவக வெளி ஒவ்வொன்றுக்கும் தலைமுறை எண் ஒன்று வைத்தனர். அட்டவணையில் வரி நீங்குந்தோறும் அவ்வெண் ஏறும். தான் கடைசியாகக் கண்ட தலைமுறை எது என்பதைச் செயலியின் கணக்கில் கரு குறித்துவைக்கும். அவர் மீண்டும் வந்து அமரும்போது இரண்டு எண்ணும் ஒத்தால் குறிப்பேடு செல்லும். ஒவ்வாவிட்டால் அவருடைய வரிகள் மாத்திரம் அழிக்கப்படும்.

இரட்டைப் படத்துக்குரிய செலவை எல்லாக் கணினிகளும் கொடுக்கவேண்டியதில்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் செயலிகளில் அக்குற்றம் இருக்கவில்லை. பின்னர் வந்த இன்ரெல் செயலிகளிலும் அது திருத்தப்பட்டது. அதனால் லினக்ஸின் கரு, கணினி விழிக்கும்போதே, செயலியே, பூட்டைப் பார்க்குமுன் நீ பக்கத்தைப் படிப்பாயா, என்று விசாரித்துக்கொள்கிறது. அதற்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே, ஒரு வேர் நடுவதா இரண்டு நடுவதா என்பதை அது தீர்மானிக்கிறது.